பேருக்கு ஒரு பயனாளி

காலையிலிருந்து ஒரே பவர் டில்லரை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, டிரைவருக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது.

மானியத்தில் கொடுத்த உழவு இயந்திரம் விவசாயியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தலைமை அலுவலகத்தில் ஒரு மேடம் வீடியோ காலில் பார்ப்பாராம். ஆளும் தெரிய வேண்டும், இயந்திரமும் தெரிய வேண்டும்.

பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் பார்ப்பது இதே இயந்திரத்தைத்தான் என்பது மட்டும் அந்த மகராசிக்குத் தெரியாது.

முதல் தோட்டத்தில் நின்ற விவசாயி, மருந்துக்கடை முதலாளி. செருப்பில் சேறு ஒட்டிவிடும் என்று வரப்பை விட்டு இறங்கவேயில்லை.

அடுத்த விவசாயி, ரோடு கான்ட்ராக்டரின் மைத்துனர். கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டார். அட, உழத்தான் தெரியாது, பிடிக்கக்கூடவா தெரியாது?

ஒவ்வொரு தடவையும் டில்லர் விற்கும் ஏஜென்ட் ஈரத்துணியால் சேற்றைத் துடைத்துவிட்டு வேறு நம்பர் ஸ்டிக்கரை ஒட்டுவார். டில்லர் யாருக்கும் கிடையாது. மானியம் மட்டும் அவருக்கும் அவர்களுக்கும் பங்கு.

டிரைவருக்கு வயிறு எரிந்தது. அவனும் இதே மானியத்துக்கு மனு கொடுத்தவன்தான். அலுவலகத்துக்குப் போகும்போதெல்லாம், "இன்னும் வரலப்பா" என்று ஒரே பல்லவி.

மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும். வாடகை டில்லர்காரன் பெரிய தோட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு இவனுடைய துண்டு நிலத்துக்கு வருவதற்குள் பருவம் போய்விடும். போன வருஷம் அப்படித்தான் போயிற்று.

இந்த வருஷம் பொறுக்கமாட்டாமல் மனைவி மண்வெட்டியை எடுத்துவிட்டாள். குனியவே கூடாதென்று டாக்டர் சொன்ன முதுகு. அதோ, வண்டி இப்போது போகும் இந்த மண்பாதையின் கோடியில்தான் இந்நேரம் கொத்திக்கொண்டிருப்பாள்.

கடைசியாக ஒரு தரிசின் ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னார் ஏஜென்ட். அங்கே ஆளே இல்லை.

"இது சும்மா பேருக்குப் போட்ட ஆளு, எங்க கிடக்கானோ! நீயே நில்லு டிரைவரு. மேடம் என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லு, போதும்."

ஆறு மாதமாக அவரிடம் வண்டி ஓட்டுகிறான். டிரைவரு இதை ஏத்து, டிரைவரு டீ வாங்கிட்டு வா. அதைத் தாண்டி அவனை அவர் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

போனில் மேடத்தின் முகம் வந்தது. ஒரு பெயரைப் படித்தார். அப்புறம் தகப்பனார் பெயரையும் படித்தார்.

டிரைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவன் பெயர். செத்துப்போன அவன் அப்பாவின் பெயர்.

ஆக, வந்திருக்கிறது. வரவில்லை, வரவில்லை என்று இவனை நடையாய் நடக்கவிட்டது எப்போதோ வந்து, இவர்கள் வாயில் போயிருக்கிறது. அடப்பாவிகளா!

"நீங்கதானே அது?" என்றார் மேடம்.

போனைப் பிடித்திருந்த ஏஜென்ட், ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

"ஆமாங்க மேடம், நானேதான். மிஷின் இப்பத்தான் என் கைக்கு வந்துச்சு."

மேடம் சந்தோஷமாகத் தலையசைத்துவிட்டுப் போனை வைத்தார்.

"நடிப்புல பின்னிட்டியேப்பா!" ஏஜென்ட் அவன் முதுகில் தட்டினார். "சரி சரி, வண்டியில ஏத்து."

டில்லரை வண்டியில் ஏற்றும் பலகையை டிரைவர் தொடவில்லை. வண்டிச் சாவியை சீட்டில் போட்டான். இந்த வேலை இதோடு போயிற்று என்று தெரியும். போகட்டும். டில்லரைக் கிளப்பி, மனைவி இருக்கும் திசையில் மண்பாதையில் விட்டான்.

"டிரைவரு! ஏய் டிரைவரு!"

ஏஜென்ட் தொண்டை கிழியக் கத்தினார்.

அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை.