கதைச்சுருக்கத் தாள்

அறை விழுந்தது.

திரையில்தான். பியூனஸ் அயர்ஸில் ஏதோ ஒரு பெரிய வீடு. அகலமான மாடிப்படி. கையில் கோப்பையோடு விருந்தினர்கள். அத்தனை பேருக்கும் முன்னால் கணவன் மனைவியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தான்.

மண்டபத்தில் பெண்கள் பக்கமிருந்து 'ச்சொ' என்று சத்தம் எழுந்தது.

முன்வரிசையில் இருந்த அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி, முப்பது வருஷத்துக்கு முன்னால் அடி வாங்கியவளுக்கு இவ்வளவு பரிதாபம். மாலையில் வாசலில் நின்று வரவேற்ற தன்னுடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்த இதே பெண்கள், கிராம்பு வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

பல்வலி. அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தான் அவள் கணவன்.

ஊரின் ஒரே திரைப்படச் சங்கத்துக்கு அவன் செயலாளர். அர்ஜென்டினப் பழம்படங்களுக்கு மூன்று நாள் விழா. இன்று கடைசி நாள். படம் தொடங்குமுன் இருபது நிமிடம் பேசினான். ஹூகோ டெல் கரில், டோரே நில்சன் என்று இயக்குநர்களின் பெயர்களை வெல்லக்கட்டி மாதிரி வாயில் போட்டுச் சப்பினான். வீடுகளின் மூடிய கதவுகளைப் பயமில்லாமல் திறந்து காட்டிய மேதைகள் என்றான்.

கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரி பார்க்கிறாளே என்று அவளும் தட்டினாள்.

புரொஜெக்டரை ஓட்டுவதும் அவன்தான். முத்தம் வந்தால் லென்ஸின் முன் உள்ளங்கையை வைத்து மறைப்பது அவன் வழக்கம். குடும்பத்தோடு வருகிறார்களே. இன்றும் இரண்டு முறை திரை இருண்டது. இரண்டு முறையும் பின்வரிசை சிரித்தது.

அறை விழுந்தபோது அவன் கை வைத்து மறைக்கவில்லை.

அந்த உள்ளங்கையின் கனம் அவளுக்குத் தெரியும்.

முதல் ரீல் முடிந்து ஃபிலிமின் வால் படபடவென்று அடித்தது. சுவிட்ச் பக்கம் எப்போதும் உட்காரும் வையாபுரி வாத்தியார் விளக்கைப் போட்டார். இருப்பது ஒரே புரொஜெக்டர். அடுத்த ரீலை மாட்ட ஐந்து நிமிடமாவது ஆகும். கதைச்சுருக்கத் தாளை அப்போதுதான் கொடுக்க வேண்டும். முன்னாலேயே கொடுத்தால் குனிந்து படித்துக்கொண்டு படத்தைக் கோட்டை விடுகிறார்கள் என்று அவன் போட்ட விதி.

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

முந்தின நாளே படத்தைப் போட்டுப் பார்த்து, கதையைத் தமிழில் எழுதி, ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, பிரதி எடுக்க சைக்ளோஸ்டைல் பொறியின் கைப்பிடியைச் சுற்றுவதெல்லாம் அவள். தாளின் அடியில் 'தொகுப்பு: செயலாளர்' என்று வருவது மட்டும் அவன். ஆறு வருஷமாக இப்படித்தான்.

காலையில் ஸ்டென்சிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன், 'அறைகிறான்' என்ற சொல்லில் விரலை வைத்தான். 'கண்டிக்கிறான்' என்று மாற்றச் சொன்னான்.

படத்தில் அறைகிறானே என்றாள்.

குடும்பங்கள் படிக்கிற தாள் என்றான்.

மாற்ற முடியாது என்றாள்.

அவ்வளவுதான். அதற்குத்தான் விழுந்தது.

பிறகு அவனே அந்தச் சொல்லின் மேல் திருத்தும் மையைப் பூசினான். காய்ந்ததும் மாற்றி அடித்துப் பிரதி எடுத்து வை, கன்னத்தைப் பற்றி யாராவது கேட்டால் பல்வலி என்று சொல் என்று உத்தரவு போட்டுவிட்டு, புரொஜெக்டர் ஏற்பாட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.

மை காயும்வரை அவள் தட்டச்சுப்பொறியின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. மை காய்ந்ததும் தட்டத் தொடங்கினாள்.

இப்போது வரிசை வரிசையாகத் தாளை நீட்டினாள். ஒரு கை பையில், ஒரு கை தாளில். கன்னத்தை மூடியிருந்த முந்தானை நழுவியது. அவள் அதை எடுத்துப் போடவில்லை.

அவன் புரொஜெக்டரின் மேல் குனிந்திருந்தான். தாளை அவன் வாங்கிப் பார்ப்பதில்லை. தானே எழுதியதாகச் சொல்லிக்கொள்வதைத் தானே படிப்பானா என்ன?

அவர்கள் படித்தார்கள்.

'விருந்தினர் முன்னிலையில் எதிர்த்துப் பேசியதற்காகக் கணவன் மனைவியை அறைகிறான். அவள் வாய் திறக்கவில்லை.

'அறைகிறான் என்று எழுதக் கூடாது என்றார் நம் செயலாளர். மாற்ற மறுத்ததற்காக இன்று காலை எட்டரை மணிக்குத் தன் மனைவியை அறைந்தார்.

'எனக்குப் பல்வலி இல்லை.

'எழுதியது: மரகதவல்லி.'

தாள்களின் சலசலப்பு முன்வரிசையில் நின்றது. பிறகு நடுவில். பிறகு கடைசி வரிசையில்.

கிராம்பு சொன்ன அம்மாள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பார்த்தவள் பார்வையை எடுக்கவில்லை.

"எல்லாரும் படிச்சாச்சுங்களா?" என்றான் அவன், நிமிராமல். "வையாபுரி சார், லைட்டை அணைச்சிருங்க."

வாத்தியார் தாளை இன்னொரு தடவை படித்தார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சுவிட்சின் மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அவள் கையில் ஒரு தாள் மிச்சமிருந்தது. அதோடு நடுப்பாதையில் நடந்தாள். நாற்காலிகள் நகர்ந்து வழி விட்டன.

அவன் பொறுமையிழந்து புரொஜெக்டரை ஓட விட்டான்.

அவள் லென்ஸின் முன்னால் தாளைப் பிடித்தாள், எழுத்து அவனைப் பார்க்கும்படி.