ஆறு தசமம்

நாற்பத்தொரு வரிகளும் திரையில் சிவப்பாக நின்றன.

அவள் மறுபடியும் ‘சரிபார்’ பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் சிவப்பு. இடம் என்ற கட்டத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் புள்ளிக்குப் பின் ஆறு தசமம் இருக்க வேண்டும். இருந்தது ஒன்றே ஒன்று. ஆறு இருந்தால் நேராகப் போய் ஆமைக் கூட்டின் மேலேயே நிற்கலாம். ஒன்று இருந்தால், பத்து கிலோமீட்டருக்குள் எங்கோ ஒரு கூடு இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

அந்த ஆற்றங்கரை ஆய்வு நிலையத்தில் அவள் வேலை இதுதான். வெளியில் போய் எண்ணி வருகிறவர்கள் கொடுக்கும் பட்டியலுக்கு, யார் எண்ணினார், எங்கே, என்றைக்கு, எந்த முறையில் என்ற மெட்டாடேட்டாவைச் சேர்த்து, எல்லா நாட்டவருக்கும் புரிகிற ஒரே அச்சில் வார்த்து இணையத்தில் ஏற்றுவது. ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

போன வருடம் ஆமைக் கூடுகளின் கோப்பை, முட்டைகள் மணலுக்குள் இருக்கும்போதே, கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பாக ஏற்றினாள். ஒரு சிவப்பு வரி கிடையாது. ‘மாதிரிக் கோப்பு’ என்று பாராட்டுக் கடிதம் வந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் அப்பா, அந்தக் கடிதத்தைப் பீரோ கதவில் ஒட்டி, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் நிறுத்திப் படிக்க வைத்தார்.

இந்த வருடக் கோப்பு இன்று மாலைக்குள் ஏற வேண்டும். அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று நாளைக்கு முடிவு செய்கிறார்கள்.

“யார் எடுத்த கணக்கு? ஆமையண்ணனா?” பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். “அப்ப சரிதான்.”

ஆமைகளை எண்ணுவதால் வந்த பெயரா, நடையைப் பார்த்து வைத்த பெயரா என்பதில் அந்த அலுவலகத்தில் இரண்டு கட்சி உண்டு. இடம் காட்டும் கருவியைக் கூடாரத்திலேயே வைத்துவிட்டு, மர நிழலில் படுத்தபடி குத்துமதிப்பாக எழுதியிருப்பார் என்பது பக்கத்து மேஜைக்காரரின் தீர்ப்பு.

பிரிவுத் தலைவி வந்து திரையைப் பார்த்தார். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை.

“குறிப்புக் கட்டத்துல காரணம் எழுதினா கோப்பு ஏறிடும்மா. ‘கவனக்குறைவு’ன்னு போடு. யாரோடதுன்னு பேரையும் போட்டுடு. அடுத்த வருஷம் அந்த வேலைக்கு வேற ஆளப் பார்த்துக்கலாம்.”

ஒருவர் பிழைப்பில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவள் கீழே இறங்கிப் போனாள். ஆமையண்ணன் சாமான் அறை வாசலில் உட்கார்ந்து, ரப்பர் பூட்ஸிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இந்த இடமெல்லாம் ஏன் ஒரே தசமத்தோட நிக்குது?”

“சோம்பல்தாம்மா.”

“குறிப்பு நோட்டுல முழுசா இருக்கும்ல? குடுத்தீங்கன்னா நானே அடிச்சுக்கறேன்.”

“அது ஆத்துல விழுந்துடுச்சு.”

நோட்டின் முனை அவர் சட்டைப் பையிலிருந்து, ஒரு சொட்டு ஈரம் படாமல் எட்டிப் பார்த்தது. அவள் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“நான் எழுதினா உங்களை மாத்திடுவாங்கண்ணே.”

“ஆமைய எண்ணத்தானே விடமாட்டாங்க. பூட்ஸ் கழுவவும் ஆள் வேணும்ல.” பூட்ஸைத் திருப்பிப் பிடித்தார். “அப்பா அந்தக் கடுதாசிய இன்னும் பீரோவுல ஒட்டி வெச்சிருக்காரா?”

“இருக்கு.”

“இருக்கட்டும்.”

மேலே வந்து ‘கவனக்குறைவு’ என்று தட்டினாள். பெயரைத் தட்டும் முன் கை நின்றது. சோம்பேறி என்றால் எல்லாவற்றிலும்தானே சோம்பேறியாக இருக்க வேண்டும்? அவர் கொடுத்த நீர்நாய்ப் பட்டியலைத் திறந்தாள். ஆறு தசமம். நாரைப் பட்டியலைத் திறந்தாள். அதிலும் ஆறு.

போன வருடம் ஆமைக்கும் ஆறு இருந்ததே. அந்தக் கோப்பு ஏறிய பிறகு, ஒவ்வொரு கூடும் என்ன ஆனது என்று அவர் தனியாக ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். பாராட்டு வந்த சந்தோஷத்தில் அவள் அதைத் திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள்.

அவள் கோப்பில் இருந்த முப்பத்தெட்டு கூடுகளுக்கும் நேராக ஒரே வாசகம்: தோண்டப்பட்டது, முட்டை இல்லை. காரணம்: நரி.

அவள் கோப்பை ஏற்றியது ஐந்தாம் தேதி. முதல் கூடு தோண்டப்பட்டது எட்டாம் தேதி. கடைசிக் கூடு பதினொன்றாம் தேதி. அதற்கப்புறம் அவர் கண்டுபிடித்த, அவள் கோப்பில் ஏறாத ஒன்பது கூடுகளிலும் குஞ்சுகள் பொரித்து ஆற்றுக்குள் போயிருந்தன.

ஆமை முட்டைக்கு நல்ல விலை உண்டு என்பது கரையோரத்தில் எல்லாருக்கும் தெரியும். இணையத்தில் கோப்பைத் திறந்து தசமம் படிக்க நரிக்குத் தெரியாது. அவர் மட்டும் நரி என்று எழுதாமல் இருந்திருந்தால், அந்தக் கடிதம் பீரோவிலிருந்து என்றைக்கோ இறங்கியிருக்கும்.

அவள் போன வருடக் கோப்பை வெளியார் யாரும் திறக்க முடியாதபடி மூடினாள். இந்த வருடத்து நாற்பத்தொரு வரிகளையும் ஒற்றைத் தசமத்தோடு அப்படியே விட்டாள். குறிப்புக் கட்டத்துக்குப் போய், கூடுகளைக் காப்பாற்ற இடம் வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருக்கிறது, போன வருடம் மறைக்காததால் முப்பத்தெட்டு கூடுகள் பறிபோயின என்று எழுதினாள்.

ஏற்கெனவே தட்டிவைத்திருந்த ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை மட்டும் அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் தன் பெயரைத் தட்டினாள்.