சத்தமில்லாத ஒன்பது மான்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் சுவிட்சர்லாந்தின் கூர் நகரைச் சுற்றியுள்ள மலைகளில் ஆண்பிள்ளை என்று பெயரெடுத்த எவரும் வீட்டில் தங்குவதில்லை. ஆளுக்கொரு துப்பாக்கி, ஆளுக்கொரு பொய். மூன்று வாரமும் கெம்ஸே வேட்டைதான். பாறைக்குப் பாறை தாவும் மலைமானுக்கு அங்கே அதுதான் பெயர். ஒருவர் இரண்டுக்கு மேல் சுடக்கூடாது; சுட்டதைக் கொண்டுபோய் வேட்டைக் காவலரிடம் காட்டிப் பதிய வேண்டும்.

அந்த 1986ஆம் வருடம் கெம்ஸே குழம்புக்குப் பெயர்போன இடம் மலையடிவாரத்தில் இருந்த காஸ்பரின் விடுதி. முந்தின வருட வேட்டைப் பருவம் தொடங்கும்வரை ஈயோட்டிக்கொண்டிருந்த சாப்பாட்டு மண்டபத்தில் இப்போது வேட்டைக்காரர்கள் இடம்பிடிக்க அடிபட்டார்கள். சமையல் தவச்செல்வன், யாழ்ப்பாணத்தவன். சிவப்பு வைனில் இறைச்சியை இரண்டு நாள் ஊறவைப்பான். வறுத்திடித்த தூளில் கொஞ்சத்தை முதலாளிக்கும் தெரியாமல் போடுவான். இரத்தத்தையும் வீணாக்காமல் குழம்பில் சேர்ப்பான்.

அவனுடைய அகதி விண்ணப்பம் தலைநகர் பேர்னில் முடிவு தெரியாமல் கிடந்தது. பொலிஸில் ஒரு சின்னக் கரும்புள்ளி விழுந்தாலும் விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று முகாமில் பயமுறுத்தியிருந்தார்கள். ஆகவே வெறிச்சோடிக் கிடக்கும் வீதியைக்கூட அவன் பச்சை விளக்குக்குக் காத்திருந்துதான் கடப்பான்.

அப்படிப்பட்டவன்தான் வாரத்தில் இரண்டு நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், இரத்தக் கறை பிடித்த சாக்கு ஒன்றைத் தோளில் சுமந்தபடி பின்வாசலால் வந்துகொண்டிருந்தான். காஸ்பரின் கட்டளை ஒன்றே ஒன்றுதான்.

“இறைச்சியைப் பற்றி யார் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது.”

ஒரு வியாழக்கிழமை மதியம் வேட்டைக் காவலர் வந்தார். பச்சைத் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து ஒரு தட்டுக் குழம்பு கேட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

“கெம்ஸேதான். மூன்று வயது ஆண். மேற்குச் சரிவில் மேய்ந்தது,” என்றார்.

மண்டபமே தலையாட்டியது. முப்பது வருட அனுபவம் உள்ள நாக்கு அது.

பிறகு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். “காஸ்பர், இந்தப் பருவத்தில் நீ ஒன்றுமே பதியவில்லை. யாரும் உனக்கு விற்கவும் இல்லை, விசாரித்துவிட்டேன். ஆனால் நீ பரிமாறியிருப்பது குறைந்தது ஒன்பது மான்களின் இறைச்சி. ஒரு வெடிச் சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. ஆகவே சத்தம் அடக்கும் கருவி வைத்திருக்கிறாய். தோலையும் கொம்பையும் காணோம். ஆகவே புதைத்திருக்கிறாய். இப்படியொரு கெட்டிக்காரக் கள்ளனை நான் கண்டதே இல்லை.”

காஸ்பரின் முகம் வெளிறிவிட்டது.

“நீ இல்லையென்றால் இவன்,” என்று காவலர் சமையலறை வாசலைக் காட்டினார். “இரத்தச் சாக்கோடு இவனை என் கண்ணாலேயே பார்த்தேன். பொலிஸைக் கூப்பிடட்டுமா?”

பாத்திரம் கழுவ அந்த வாரம்தான் சேர்ந்திருந்தார் குலேந்திரன். கூரில் மூன்று வருடம் இருந்து ஜெர்மன் பிடித்தவர். அவர் தவச்செல்வனின் காதோடு சொன்னார்.

“தம்பி, மானை அடிச்சது நீயோ எண்டு கேக்கிறார். பொலிசைக் கூப்பிடப் போறாராம். உள்ளதைச் சொல்லிப்போடு. முதலாளிக்காக நீ ஏன் பிளேன் ஏறோணும்?”

தவச்செல்வனுக்குக் கொழும்பு விமான நிலையமும் வாசலில் நிற்கும் இராணுவ ஜீப்பும் கண்ணுக்குள் வந்தன. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கத்தான் வேண்டும். அதற்கு முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

“ஓம் அண்ணை, உள்ளதைச் சொல்லுறன். உவருக்குச் சொல்லுங்கோ, அந்த இறைச்சி...”

காஸ்பருக்குத் தமிழ் தெரியாது. முகம் பார்க்கத் தெரியும். கதிரை பின்னால் சாய்ந்து விழ, துள்ளி எழுந்தார்.

“நான்தான். ஒன்பதையும் நான்தான் சுட்டேன். இவன் பாவம், இவனை விட்டுவிடுங்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.”

மூலையிலிருந்த ஒருவர் மெல்லக் கைதட்டினார். ஒரு மானைச் சுட ஒரு வாரம் மலையில் கிடந்தவர்கள், சத்தமில்லாமல் ஒன்பதைச் சரித்தவரைப் பொறாமையோடு பார்த்தார்கள். காஸ்பருக்கு அபராதத்தோடு ஐந்து வருடத்துக்கு வேட்டை உரிமமும் பறிபோனது. கடமையை முடித்த காவலர், சாட்சிப் பொருளில் இன்னொரு தட்டுக் கேட்டார்.

சமையலறைக்குத் திரும்பியபோது குலேந்திரனுக்குக் கண் கலங்கியிருந்தது.

“தங்கமான மனுசன், தம்பி. உன்னைக் காப்பாத்துறதுக்காக முழுப் பழியையும் தன்ரை தலையிலை போட்டிட்டார். எங்கடை ஆக்களே இப்பிடிச் செய்யமாட்டினம்.”

தவச்செல்வன் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

“என்னை இல்லை அண்ணை, தன்ரை மானத்தைத்தான் காப்பாத்தினவர். போன வருசம் கெம்ஸே வாங்கிக்கொண்டு வா எண்டு கடைக்கு அனுப்பினார். எனக்கு அந்தச் சொல் விளங்கேல்லை. சுவரிலை தொங்கின படத்தைப் பார்த்தன், கொம்பும் தாடையும் எங்கடை ஆடு மாதிரியே இருந்துது. நேரை பண்ணைக்குப் போய் ஒரு கிடாயை வாங்கி வந்து சமைச்சன். சனம் புகழ்ந்ததாலை, முதலாளி விசயம் தெரிஞ்சும் அதையே தொடரச் சொன்னார். அண்டையிலையிருந்து இண்டைவரைக்கும் இந்த ஊர் வேட்டைக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுறது முழுக்க ஆட்டுக் கறிதான்.”