தொள்ளாயிரமாவது மீட்டர்

ஆமாம், அதே கல்தான். இன்றைக்கும் அதே இடத்தில்தான் கிடந்தது.

அவன் ஜீப்பை நிறுத்தினான்.

ஓடுபாதையின் தொள்ளாயிரமாவது மீட்டர். போன மாதம் போட்ட தார், இன்னும் கறுப்பு மாறவில்லை. சுற்றிலும் எட்டடி மதில். அதன்மேல் முள்கம்பி. ஆடு நுழையாது. ஆள் ஏற முடியாது.

கல் மட்டும் வந்துவிடுகிறது.

ஒரு தேங்காய் அளவு. தலையில் சுண்ணாம்புப் பொட்டு. அடியில் மக்காச்சோளத் தூசி.

சோதனை விமானம் வந்த பதினோரு நாளும் அதை எடுத்து மதிலுக்கு வெளியே வீசினான். பதிவேட்டில் 'குப்பை' என்று எழுதினான். மறுநாள் காலை மறுபடியும் இருக்கும்.

இன்றைக்குச் சோதனை இல்லை. ஆட்களோடு வருகிறது.

பெரிய விமானம் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் இப்போது ஐம்பது சீட் குட்டி ஜெட்டை விடுகிறார்கள். இந்த ஊருக்கு இதுதான் முதல் நாள். அது இறங்குவதற்கு முன்னால் பாதை முழுக்க ஓட்டிப் பார்த்து, வாக்கிடாக்கியில் 'கிளியர்' என்று சொல்ல வேண்டும். அதுதான் அவன் வேலை.

நிலம் கொடுத்தவர்களுக்கு முதல் பயணம் இலவசம். நண்பன் லியோவின் அப்பா சவரிமுத்து நேற்றே பஸ்ஸில் சென்னைக்குப் போயிருந்தார், திரும்பிப் பறந்து வருவதற்காகவே. இன்றைக்கு விமானம் ஏறும் முன் போன் செய்தார்.

"டேய் தெய்வா, சன்னலோரம்டா எனக்கு! நீ சரின்னாத்தான் ப்ளேனே எறங்குமாமே? மாத்திக் கீத்திச் சொல்லித் தொலைச்சிராத!"

அவர் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

லியோவுக்கும் அவன்தான் சரி சொன்னான்.

அப்போது இது உலகப்போர்க் காலத்து ஓடுதளம். வெடித்த சிமெண்ட், நடுவில் எருக்கஞ்செடி. பகலில் ஊரே மக்காச்சோளம் காயப்போடும். வண்டி ஏறிவிடாமல் சுற்றிக் கல் வைக்கும். ஒவ்வொரு வீட்டுக் கல்லுக்கும் ஒரு அடையாளம். சாயங்காலம் சோளத்தை அள்ளியதும் இளவட்டங்கள் பைக்கோடு பந்தயத்துக்கு வந்துவிடுவார்கள். ஓடுதளத்தின் கடைசியில் ஒருவன் நின்று, பாதை காலியா என்று பார்த்து, பச்சைத் துண்டை வீச வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பும்.

அன்றைக்கு அவன் போனைப் பார்த்துக்கொண்டே வீசினான்.

இதே இடத்தில் ஒரு கல் மிச்சமிருந்தது. லியோவின் பைக் அதில் ஏறியது.

"நான் காட்டறதுக்கு முன்னாடியே லியோ கெளம்பிட்டான்" என்று போலீஸிடம் சொன்னான். சவரிமுத்துவிடமும் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். வேறெதுவும் கேட்கவில்லை.

அந்தப் பச்சைத் துண்டால் முகத்தை மூடித்தான் லியோவைப் புதைத்தார்கள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. டவரில் ஷர்மிளா மேடம்.

"தெய்வா, என்னப்பா தூங்கிட்டியா? ரன்வே கிளியரா?"

வானத்தின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி. அதற்குள் ஒரு சன்னலோரத்தில் சவரிமுத்து.

மதில்வரை போக நேரமில்லை. கல்லைப் பக்கத்து சீட்டில் வைத்தான். பாதையின் முனைவரை ஓட்டினான். திரும்ப ஓட்டினான். நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் ஓட்டினான்.

"கிளியர் மேடம்."



ஜெட் தரையைத் தொட்டது. தொள்ளாயிரத்தைத் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை.

விமானத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி வரவேற்று, மாலை போட்டு, போட்டோ எடுத்து எல்லாம் முடிந்த பிறகு சவரிமுத்து ஜீப்பைத் தேடி வந்தார். வேட்டியில் பாதி நனைந்திருந்தது.

"பஸ்ல அஞ்சு மணி நேரம்டா. இதுல குடுத்த காப்பி ஆறல, அதுக்குள்ள நம்மூரு..."

சீட்டைப் பார்த்தார்.

கல்லைக் கையில் எடுத்தார். சுண்ணாம்புப் பொட்டைக் கட்டைவிரலால் தடவினார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை.

"நம்ம வூட்டுக் கல்லு" என்றார். "அன்னைக்கி எண்ணி அடுக்கும்போதே ஒண்ணு கொறஞ்சுது. காலையில பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்டா தெய்வா. யார்கிட்டயும் சொல்லல."

மஞ்சள் பையைப் பிரித்துக் கல்லை உள்ளே வைத்தார். குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார்.

அவன் வாயைத் திறந்தான். இப்போது சொல்லிவிடலாம். அப்பா, நான் பார்க்கவேயில்லை. அவ்வளவுதான். மூன்று நான்கு வார்த்தை.

வாக்கிடாக்கி முந்திக்கொண்டது.

"தெய்வா, ரிட்டர்னுக்கு ஆள் ஏத்திட்டாங்க. ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லு."

"போ. வேலையப் பாரு" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போனான்.

தொள்ளாயிரத்தில் கல் இல்லை. அதுதான் மஞ்சள் பைக்குள் போய்விட்டதே.

பச்சையாக ஏதோ கிடந்தது.

இறங்கினான். குனிந்தான். துண்டு. நான்கு முனையிலும் ஈரமண் அப்பியிருந்தது.

கதவு மூடிய ஜெட் ஓடுபாதையின் முனையில் காத்திருந்தது. கட்டடத்துக்கு வெளியே சவரிமுத்து இன்னும் போகவில்லை. பையை நெஞ்சோடு அணைத்தபடி, இவன் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெய்வா, கிளியரா?"

துண்டை மடியில் போட்டுக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினான். இடப்பக்கம் மதில், பதினோரு நாளாக வீசிப் பழகிய மதில். வலப்பக்கம் அவர்.

நீங்களாக இருந்தால் ஜீப்பை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? சொல்லுங்களேன்?