அவள் விரலுக்கு எட்டும் பிரேக்

சைக்கிள் கடை வாசலில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பிரேக் பிடிக்காமல் சரிவில் விழுந்த மனைவி முழங்காலில் கட்டோடு வீட்டில் இருக்க, அவளுடைய பழைய சைக்கிளை லாரி டிரைவர் ஒருவன் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். சக்கரத்தில் புதுமாதிரி பிரேக்கை அவனே மாட்டிவிட்டான். கைப்பிடியில் இருப்பது பழைய லீவர். மெக்கானிக் அக்கா அதை அழுத்துகிறாள். லீவர் கைப்பிடியில் முட்டிய பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. “ரெண்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது தம்பி. புது பிரேக்குக்கு ஒயரை நிறைய இழுக்கணும். இந்தப் பழைய லீவர் கொஞ்சம்தான் இழுக்கும்.” அவன் முகம் வெளிறுகிறது. “நல்லது பண்றேன்னு நெனச்சு மறுபடி அவளை விழவச்சிருப்பேனே அக்கா.” “அதான் முன்னாடியே வந்துட்டியே.” அவள் புது லீவரைப் பூட்டி அழுத்துகிறாள், சக்கரம் டக்கென்று நிற்கிறது. ஆனால் லீவர் கைப்பிடியை விட்டு வெகுவாகத் தள்ளி நிற்கிறது. “கிட்ட கொண்டுவந்துடலாம். அவ விரல் எவ்ளோ நீளம்?”  அவன் தன் அகலமான உள்ளங்கையை விரித்து, அதன்மேல் இன்னொரு கை படிந்திருப்பதுபோல் பார்க்கிறான். நடுவிரலின் மேல்ரேகையைத் தொட்டு, “இதுவரைக்கும் வரும்க்கா” என்கிறான். அக்கா அந்த ரேகையைப் பார்த்துப் பார்த்து லீவரின் திருகாணியை மெல்லத் திருகுகிறாள்.