மெமோவில் இருந்த மூன்று நாள்

"பதினாறு தட்டும் மூணு நாளா இன்குபேட்டர்லயே கிடக்குது! இது ஆய்வகமா, உங்க வீட்டுப் பரணா?"

டாக்டரம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் பேச்சு நின்றது.

ஆவி அக்கா அசரவில்லை. கிருமி வளர்த்த தட்டுகளை நீராவியில் அவித்துக் கொன்று குப்பைக்கு அனுப்புவது அவர் வேலை. பெயரும் அப்படி வந்ததுதான்.

"அவிக்கிற மெஷின்ல ரப்பர் வளையம் போச்சும்மா. அன்னைக்கே சொன்னேன். உயிரோட இருக்கிறதை அப்படியே குப்பையில கொட்டச் சொல்றீங்களா?"

"உயிரா? நான் போட்ட கிருமிக்கொல்லி மருந்துல முதல் நாளே எல்லாம் செத்தாச்சு. நானே பாத்தேன். எனக்கே பாடம் எடுக்காதீங்க!"

கையோடு மெமோ டைப் ஆனது: 'பதினாறு தட்டுகளை மூன்று நாள் அகற்றாத கவனக்குறைவு.' அக்காவுக்கு இது மூன்றாவது. மூன்றானால் விசாரணை, விசாரணை என்றால் வேலை போன மாதிரிதான். வாங்கி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் டாக்டரம்மா ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பளிங்காக இருந்த தட்டில் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள்!

அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. கிருமி வளர வேண்டுமென்றால் தன் சுவரைத் தானே கொஞ்சம் வெட்டி, புதுச் செங்கல் வைத்துக் கட்ட வேண்டும். மருந்து, கட்டுகிற வேலையை நிறுத்திவிடும். வெட்டுகிற கத்தரி மட்டும் ஓடும். சுவர் இடிந்து ஆள் காலி. இந்தக் கிருமிகளோ கத்தரிக்கான ஜீனையே அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் படுத்திருக்கின்றன. மருந்தின் வீரியம் தணிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டன.

ஒரே வாரத்தில் ஜீன் சோதனையும் அதையே சொன்னது. 'பொறுமையுடன், திட்டமிட்டு, மூன்று நாள் காத்திருந்தோம்' என்று அறிவியல் இதழுக்குக் கட்டுரை பறந்தது.

இதழிலிருந்து பதில் வந்தது. 'பிரமாதம். மூன்று நாள் வைத்திருந்ததற்குத் தேதியிட்ட பதிவு ஒன்றை அனுப்புங்கள்.'

டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். முதல் நாள் அவர் கையால் எழுதிய ஒரே வரி: 'வளர்ச்சி இல்லை. அகற்றலாம்.' அதன்பின் வெறும் தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் அக்காவைக் கூப்பிட்டு, நாற்காலியும் போட்டார்.

"அக்கா, தட்டை மூணு நாள் வெச்சிருந்தோம்னு எங்கயாவது எழுதி வெச்சீங்களா?"

"நான் எழுதலையேம்மா."

டாக்டரம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

அக்கா பையைத் திறந்து, நாலாக மடித்த தாளை மேசைமேல் விரித்து நீவிவிட்டார். தட்டுகளின் எண், தேதி, நேரம், முத்திரை எல்லாம் கச்சிதம்.

"நீங்கதான் எழுதினீங்க. கையெழுத்தும் உங்களோடதுதான். இதைத் 'திட்டம்'னு இதழுக்கு அனுப்பப் போறீங்களா, 'கவனக்குறைவு'ன்னு நாளைக்கு விசாரணையில வைக்கப் போறீங்களாம்மா?"