இறங்காத செரட்டோனின்

"மாத்திரைதான் டாக்டர் இவரை எழுப்பி உட்கார வச்சுது. இப்ப மினிபஸ் ஓட்டும்போது பாட்டு வேற," என்றாள் ஊர்மிளா.

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு தீவின் நசினு ஊரில் பாதித் தெரு ஆக்லாந்துக்குக் கிளம்பிவிட்டது. அவள் கணவன் ராஜேந்திராவும் விசா மனுவை நிரப்பி, தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. மனச்சோர்வு என்றார் டாக்டர் நாயுடு.

இன்று ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அவர் புருவம் உயர்ந்தது. "இந்த மாத்திரை சாப்பிட்டா மூளையில ஏறினாலும் ரத்தத்துல செரட்டோனின் நல்லா இறங்கணும். உமக்கு இறங்கவே இல்லையே. மாத்திரையை நீர் சாப்பிட்டீரா, கோழி சாப்பிட்டுதா?"

ராஜேந்திரா தலையைச் சொறிந்தான். "செம்பருத்திச் செடிக்குப் போட்டேன், டாக்டர்."

"அப்ப எப்படிய்யா குணமாச்சு?"

"விசா கிடையாதுன்னுட்டாங்கன்னு இவ வந்து சொன்னா. அன்னைக்கே பசி எடுத்திருச்சு. இவ ஆசைப்படுறாளேன்னுதான் மனுவே எழுதினேன்."

"நான் எப்ப ஆசைப்பட்டேன்?" ஊர்மிளா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நீங்க எழுதின மனு இன்னும் நம்ம வீட்டு அரிசி டின்லதான் இருக்கு."